பழைய வண்டியும் பழைய சந்தேகமும்

பொன்னைத் திருடுவார்கள், பொருளைத் திருடுவார்கள், நேற்று வாங்கிய புத்தம் புதிய காரைத் திருடுவார்கள் - வியப்பில்லை. முப்பது ஆண்டு ஓடித் தேய்ந்து, வண்ணம் மங்கி, இருக்கை கிழிந்து, வேப்பமரத்தடியில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளையுமா திருடுவார்கள்? திருடுவார்கள், தோழர்களே! தேடிவந்து திருடுவார்கள். அந்தக் கிழட்டு வண்டியின் விலை சொந்தக்காரனுக்குத் தெரியாது, சர்க்காருக்குத் தெரியாது, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியாது. கள்வனுக்குத் தெரியும்!

யமகா ஆர்எக்ஸ் 100 என்றொரு வண்டி. 1985-இல் நம் நாட்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதைச் செய்யத் தொடங்கியது, 1996-இல் நிறுத்தியது. 98 சிசி எஞ்சின், பதினொரு குதிரைத் திறன், ஏறத்தாழ நூறு கிலோ எடை. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் ஏரிக்கரையில் அதன் ஒலி கேட்டவுடனே, வருகிறவர் இன்னார் என்று திண்ணையில் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள். இப்போது அது புதிதாகக் கிடைக்காது. கிடைக்காத பொருளுக்குத்தானே கிராக்கி! நன்றாகப் பேணப்பட்ட வண்டிக்கு இலட்சத்துக்கு மேலும் விலை பேசுகிறார்கள் நகரத்து இளைஞர்கள். முழு வண்டியாக விற்க அஞ்சுகிற கள்வன் பிரித்து விற்பான்: கார்புரேட்டர் ஒருவருக்கு, சைலன்சர் ஒருவருக்கு, பெட்ரோல் டேங்க் மற்றொருவருக்கு. பூட்டோ அந்தக் காலத்துப் பூட்டு. இன்றைய கார்ச் சாவிக்குள் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. அதன் குறியீட்டை அறிந்துகொண்டாலன்றி எஞ்சின் இயங்காது. பழைய வண்டிக்கு அந்த அறிவு ஏது? உதைத்தவனுக்கெல்லாம் உழைக்கும் ஊழியன் அது!

எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. 1993-இல் என் தாய்மாமன் வாங்கியது. பத்தாண்டுக்குப் பிறகு, பாதி ரொக்கம் பாதி கடன் என்று அப்பாவிடம் வந்தது. பென்னாகரம் வட்டத்தில் ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டமும் ஒரு புழு வளர்ப்பு மனையும்தான் எங்கள் சொத்து. பட்டுக்கூடு விளைவிப்போர் அறிவார்கள் - கூடு நெல்லைப் போன்றதன்று, குதிரில் கொட்டி வைக்க. புழு கூடு கட்டி முடித்த பின் இரண்டு வாரத்துக்குள் உள்ளிருப்பது அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டில் நீள இழை எடுக்க முடியாது. அதற்கு முன்பே அங்காடி சேர்க்கவேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் எடை குறையும். எடை குறைய வருவாய் குறையும். எங்கள் ஊரிலிருந்து தருமபுரி அங்காடி முப்பது கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் புறப்பட்டு, நடைக்கு நாற்பது கிலோ வீதம், கூடு நசுங்காமல் தளர்த்திக் கட்டிய மூட்டைகளை அந்த வண்டிதான் சுமந்தது. என் கல்லூரிக் கட்டணத்தைச் சுமந்ததும் அதுதான் என்றால் மிகையாகாது.

2024 கார்த்திகையில், கூடு பறிக்க மூன்று நாள் இருக்கையில், வாசலில் நின்ற வண்டி விடியற்காலையில் இல்லை.

இத்தாலியில் 1948-இல் விட்டோரியோ டி சிக்கா 'சைக்கிள் திருடர்கள்' என்று ஒரு படம் எடுத்தார். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது ஏழை ஒருவனுக்கு. சைக்கிள் இருந்தால்தான் வேலை. வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறான். முதல் நாளே பறிபோகிறது. அன்று காலை அப்பாவின் முகத்தைக் கண்டபோது, உரோம் நகரம் பென்னாகரத்துக்கு அவ்வளவு தொலைவில் இல்லை என்று தோன்றிற்று எனக்கு.

வண்டியில் காவல் இல்லாமல் இல்லை. முன் விளக்கின் கீழே எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு, பாட்டி கட்டியது. ஆயுத பூசைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் பெட்ரோல் டேங்கின் மேல். கண்ணேறு படாமல் காக்கும் கயிறாம்! திருடனின் கண் நன்றாகவே பட்டது. கயிறு இருந்தது, சங்கிலி இல்லை.

சரி, போனது போயிற்று. காவல் நிலையத்துக்குப் போவோம் என்றேன். ஊர்ப் பெரியவர்கள் வேறு வழி காட்டினார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் வெற்றிலையில் மை தடவி, திருடனை அதிலே காட்டுவாராம். ஐந்நூறு ரூபாய் தட்சிணை. காட்டினார்! "உங்கள் வீட்டில் முன்பு வேலை பார்த்தவன், வயது இருபதுக்கு மேல், தெற்கே இருக்கிறான்" என்றார். ஊருக்குத் தெற்கே இருப்பது என்ன? காலனி. எங்கள் மல்பெரித் தோட்டத்தில் இரண்டு ஆண்டு தழை வெட்டியவன் யார்? அந்தக் காலனியில் நிலமில்லாத உழவர் ஒருவரின் மகன். ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தது ஒரு குற்றவாளி - மலிவுதான்!

அந்த இளைஞன் அந்த மாதம் முழுதும் ஓசூரில் கட்டட வேலையில் இருந்தான். நான் தொலைபேசியில் அழைத்தேன், மேஸ்திரியே பேசினார். முந்தைய நாள் இரவு வரை கான்கிரீட் போட்டதையும், கூலி வந்த கணக்கையும் சொன்னார். மந்தையில் நின்றவர்களிடம் சொன்னேன்.

"என்ன வாத்தியாரே, மைக்காரர் பொய்யா சொல்லுவார்?" என்றார் ஒருவர்.

"பெரியப்பா, அவன் ஓசூரில் இருக்கிறான்."

"ஆள் வைத்துச் செய்திருக்கலாமே!"

பாருங்கள், எப்படிப்பட்ட தர்க்கம்! ஊரில் இருந்தால் திருடினான். இல்லாவிட்டால் ஆள் வைத்துத் திருடினான். அவன் எங்கே இருந்தால் குற்றமற்றவன் ஆவான்? இருக்கும் இடத்தை மாற்றினால் பயனில்லை. பிறந்த இடத்தையல்லவா மாற்றவேண்டும்!

பிறப்பைக் கொண்டு திருடனைக் குறிப்பது எங்கள் ஊர் மந்தை கண்டுபிடித்த புதுமையன்று. வெள்ளையர் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தானா என்று பாராமல், இன்ன குலத்தில் பிறந்தான் என்பதற்காகவே கைரேகை பதித்து, ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு கேட்ட சட்டம் அது. அதை எதிர்த்து நின்றவர்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுதும் 1952-இலும் சட்டம் ஒழிந்தது. ஏட்டில் ஒழிந்தது வெற்றிலையில் உயிரோடு இருக்கிறதே!

பிற்பகலில் அந்த இளைஞனின் தாய் வந்தார். திண்ணை ஏறவில்லை, வேலி ஓரம் நின்றார். "குடிசையைத் திறந்து வைத்திருக்கிறேன் ஐயா, வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. வண்டி போனதைக் காட்டிலும் அந்த நெடுநேரம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் வழக்குப் பதிவாயிற்று. முதல் தகவல் அறிக்கையின் நகலும் கிடைத்தது. அதைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. நம்மில் பலர் கேட்பதேயில்லை. கூட்டை வாடகை வண்டியில் அனுப்பினோம். ஏற்பாடு செய்வதற்குள் இரண்டு நாள் கடந்திருந்தது. எடையில் குறைந்தது போக மிஞ்சியதில் வாடகை ஒரு பங்கை விழுங்கிற்று.

காப்பீடு? இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்பை அது ஈடுசெய்யும். நம் வண்டியே களவு போனால் சல்லிக் காசு தராது. களவுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்கலாமே என்பீர்கள். ஐந்தாண்டைக் கடந்த வண்டியின் விலையைச் சொந்தக்காரரும் நிறுவனமும் பேசி முடிவுசெய்யவேண்டும் என்பது ஏற்பாடு. முப்பதாண்டுக் கிழவனுக்கு விலை பேச எந்த நிறுவனம் எங்கள் ஊர்வரை வரும்?

1964-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' என்ற ஆங்கிலப் படத்தில் ஓடிய ஆஸ்டன் மார்ட்டின் காரை, 1997 ஜூனில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் விமானக் கொட்டகை ஒன்றிலிருந்து எவனோ கொண்டுபோனான். சொந்தக்காரருக்குக் காப்பீட்டுத் தொகை நாற்பது இலட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது! கோவை அவினாசி சாலையில் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகத்தைக் கண்டிருக்கிறேன். கூரையின் கீழே, காவலோடு, துடைத்து மெருகேற்றிய பழம் வண்டிகள் கண்ணுக்கு விருந்து. அவை காக்கப்படவேண்டியவையே, மனிதன் கைத்திறனின் வரலாறு அவை. மத்திய சர்க்காரும் 2021 ஜூலையில் விதி செய்தது: முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, உருமாறாதிருக்கும் வண்டிகளை 'விஏ' என்ற எழுத்தோடு தனியே பதியலாம், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அணிவகுப்புக்கும் கண்காட்சிக்கும் ஓட்டலாம், அன்றாடப் பிழைப்புக்கு ஓட்டலாகாது. ஐந்தைக் கடந்து, ஐம்பதைத் தொடாத, அன்றாடப் பிழைப்புக்கே ஓடுகிற வண்டி? அது புதுப் பொருளும் அன்று, பழம்பொருளும் அன்று, ஏழையின் பொருள்!

நான்கு மாதம் கழித்து வண்டி அகப்பட்டது. வேறொரு மாவட்டத்தில் வாகனச் சோதனை. எண் பலகையை மாற்றியிருந்தார்கள். சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணை அழிக்கவில்லை. பதிவுச் சான்றிதழில் இருந்த எண்ணோடு அது ஒத்தது. வைத்திருந்தவனுக்கும் எங்கள் ஊருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மைக்காரர் வெற்றிலையில் அவன் ஏனோ தெரியவில்லை!

அகப்பட்டதோடு வீடு வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். வழக்குச் சொத்தாகக் காவல் நிலையத்து வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றது. அங்கே அதற்குத் தோழர்கள் பலர்: கொடி படர்ந்த கார், டயர் மக்கிய மொபெட், பெயர் தெரியாத துருக்குவியல். கள்வனிடம் ஓடிக்கொண்டிருந்த வண்டி காவலில் நின்று சாகிறது! இதற்கு உச்சநீதிமன்றம் 2002-இலேயே மருந்து சொல்லிவிட்டது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குஜராத் மாநிலம் என்ற வழக்கில், கைப்பற்றிய வண்டிகளை நிலையத்தில் நீண்ட நாள் நிறுத்தி வைப்பதில் பயனில்லை. படம் எடுத்து, பிணை பெற்று, உரியவரிடம் விரைவில் ஒப்படைக்கலாம் என்றது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவு, பதினான்கு நாளில் சொத்து விவர அறிக்கை, படம், அதன் பின் முப்பது நாளில் உத்தரவு என்று காலக்கெடுவே விதிக்கிறது. சட்டத்தைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்; கேட்காவிட்டால் கொடிதான் படரும். நாங்கள் மனுப் போட்டோம். கார்புரேட்டரும் பேட்டரியும் இல்லாமல் வண்டி வந்து சேர்ந்தது.

அன்று மாலை அப்பா தெற்கே நடந்துபோனார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பினார். அங்கே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கூடு அறுவடைக்கு அந்த இளைஞனைக் கூப்பிட்டார்; அவன் வரவில்லை. ஓசூரிலேயே இருந்துவிட்டான். வரவேண்டிய கட்டாயம் அவனுக்கு என்ன?

வண்டியைச் சீர்செய்த மெக்கானிக் முதியவர். அம்பாசடர் கார்களோடு வாழ்ந்தவர். அந்நாளில் இரவு வெளியூரில் தங்கும் டிரைவர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளிருக்கும் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உறங்கப் போவார்களாம். கைக்குள் அடங்கும் அந்தத் துண்டு இல்லாமல் எஞ்சினுக்குப் பொறி கிடைக்காது. பெருஞ்செலவில்லாத பேரறிவு! எங்கள் வண்டிக்கும் இருக்கைக்கு அடியில், வெளியே தெரியாதபடி, மின்னோட்டத்தைத் தடுக்கும் ஸ்விட்ச் ஒன்று வைத்துக் கொடுத்தார். பெட்ரோல் டேப்பை இரவில் மூடச் சொன்னார். கார்புரேட்டரில் தேங்கியது தீர்ந்ததும் வண்டி சற்றுத் தொலைவிலேயே நின்றுவிடும். ஹேண்டில் பூட்டை நம்பாதீர்கள், சங்கிலியைச் சக்கரத்தோடு மட்டும் கட்டாதீர்கள், இருவர் சேர்ந்தால் தூக்கிப் போய்விடுவார்கள் என்றார். மாடு கட்டும் கல்தூணோடு சேர்த்துப் பூட்டுகிறோம் இப்போது. கருவிகள் சில ஆயிரத்துக்கு விற்கின்றன, வண்டி இருக்கும் இடத்தைத் தொலைபேசிக்குச் சொல்பவை; இயன்றவர் வாங்கலாம். இயலாதவருக்குச் சங்கிலி போதும். பாட்டி கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை. சங்கிலிக்குப் பிறகு கட்டட்டும்.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் பதியும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் கேட்கும் அதே அச்சு. வீட்டு வண்டியின் சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் அப்படி எடுத்து, பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டு, நோட்டில் ஒட்டவேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. துருவைத் துடைத்து, குப்புறப் படுத்து, கை கறுக்க எடுத்துவருகிறார்கள். டிவிஎஸ் எக்செல், பழைய புல்லட், பால் கேன் சுமக்கும் ஸ்பிளெண்டர் என்று இதுவரை முப்பத்தெட்டு வண்டிகள். அவற்றில் இரண்டின் எண் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு தந்தையரும் திகைத்துப்போய், வண்டி விற்றவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.