தலையெழுத்தா, தட்டெழுத்தா?

நம் வீட்டில் சாதகம் என்று ஒன்று எழுதப்பட்டதில்லை. நம் திருமணம் இராகுகாலத்தில் நடந்தது. நம் மகளின் திருமணமும் நாளும் கோளும் பாராமலே நடந்தது. பேத்தி பிறந்த நாளில் சம்பந்தி வீட்டார் பிறந்த நேரத்தைக் கேட்டனுப்பினர். "மருத்துவமனைச் சீட்டில் இருக்கிறது, தடுப்பூசி போடும் நாளைக் கணக்கிட அது உதவும்" என்று பதில் அனுப்பினோம். அத்தகைய நாம், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், நான்கு பக்கத் தட்டெழுத்துத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சோதிடன் திண்ணையில் அமர்ந்த ஏமாளியைப் போல நடுங்கினோம். ஒளிப்பானேன்? நடுங்கினோம்.

பேத்திக்கு அகவை ஒன்பது. நான்காம் வகுப்பு. கேட்ட கதையைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லுவாள். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை ஒரு ரூபாய் பிசகாமல் கேட்டு வாங்கி வருவாள். ஆனால், புத்தகத்தை விரித்தாலோ, எழுத்துகள் அவள் கண்ணெதிரே இடம் மாறி ஓடிப்போகும். ஒரு பத்தி படிப்பதற்குள் வியர்த்துவிடும். அவள் படிக்கும் தனியார் ஆங்கிலப் பள்ளியினர் உளவியலார் ஒருவரை வரவழைத்து அவளை ஆய்வு செய்தனர். அதன் முடிவே அந்த நான்கு பக்கம். முழுதும் ஆங்கிலம். கூடவே ஐந்தாவதாக ஒரு தாள்: "எங்கள் குழந்தைக்கேற்ற வேறு நிறுவனத்தில் சேர்க்க, எங்கள் விருப்பத்தின் பேரில் விலக்கிக்கொள்கிறோம்" என்று எழுதி, கீழே பெற்றோர் ஒப்பமிடக் கோடும் போட்டு அனுப்பியிருந்தனர். விருப்பம் நம்முடையதாம், எழுதியது அவர்களாம்!

"அப்பா, பர்சன்டைல் நாலு என்று போட்டிருக்கிறார்களே! நூற்றுக்கு நாலு மார்க்கா? ஒன்றுமே தெரியாத பிள்ளையா இவள்?" என்று மகள் கேட்டாள். மருமகன் பேசவில்லை. பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "மாமா, பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் என்ன சொல்ல முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

சம்பந்தியம்மாள் ஆறுதல் சொல்ல வந்தார். "கல்விக்குக் காரகன் புதன். அவன் நீசமாக இருப்பான். ஒரு பரிகாரம் செய்துவிட்டால் சரியாகிவிடும்" என்றார். நாம் சிரிக்க வாயெடுத்தோம், சிரிப்பு வரவில்லை. அவர் புதன் என்கிறார். பள்ளி பர்சன்டைல் என்கிறது. இரண்டில் எதன் பொருளாவது நமக்கு விளங்கிற்றா? நமக்குத் தெரியாத மொழியில், நாம் காணாத கணக்கில், நம் வீட்டுக் குழந்தையின் வாழ்வைக் குறித்து எவரோ எழுதுகிறார். நாம் தலையைக் குனிந்து ஒப்பமிடுகிறோம். ஓலையில் இருந்தால் சாதகம், வெள்ளைத் தாளில் இருந்தால் அறிவியலா? இந்த எண்ணம் வந்த பிறகுதான், "பேனாவை மூடுங்கள் மாப்பிள்ளை, முதலில் படிப்போம்" என்று சொல்லும் துணிவு நமக்குப் பிறந்தது.

முப்பதாண்டுக் காலம் அலுவலகத்தில் கோப்புப் புரட்டியவர் நாம். கோப்பு படிக்கத் தெரிந்தவன் கொட்டை எழுத்தில் உள்ளதை முதலில் பார்க்கமாட்டான். நிரப்பப்படாத கட்டம் எது என்று பார்ப்பான். அகராதியோடு நான்கு இரவுகள் அமர்ந்தோம்.

முதலில் அந்த நான்கு. தமிழில் அதனை நூற்றுமானம் என்பர். அது மதிப்பெண் அன்று. அதே அகவையுள்ள நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால், நான்கு பேர் இவள் நிலையிலோ அதற்குக் கீழோ நிற்பர் என்பது அதன் பொருள். எத்தனை கேள்விக்கு விடை சொன்னாள் என்பதை அது சொல்லவே சொல்லாது. அடுத்தது, நுண்ணறிவு ஈவு 74 என்ற எண். இத்தகைய ஆய்வுகளில் நடுப்புள்ளி 100. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85க்கும் 115க்கும் இடையே அடங்குவர். ஆகவே 74 குறைவுதான், ஐயமில்லை. ஆனால், அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 69 முதல் 81 வரை என்றிருந்தது. அதாவது, அளந்தவரே தம் அளவுகோல் இவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறார். கொட்டை எழுத்துக்குரிய மரியாதை பொடி எழுத்துக்கு இல்லையே, என்ன செய்வது!

மூன்றாம் பக்கத்தில் அந்த 74 உடைந்தது. வாய்மொழிப் பகுதியில் 60; கட்டை அடுக்குதல், படம் பொருத்துதல் முதலிய செயல் பகுதியில் 88. இரண்டின் சராசரியே 74. ஒரு கால் கொதிநீரிலும் ஒரு கால் பனிக்கட்டியிலும் நிற்பவன் சராசரியாக இதமாக இருக்கிறான் என்று கூறுவதுண்டல்லவா, அந்தக் கணக்கு! 60க்கும் 88க்கும் இடையே இத்தனை பெரிய பள்ளம் ஏன்? விடை முதல் பக்கத்திலேயே இருந்தது, நாம்தான் தாண்டிப் போயிருந்தோம். "ஆய்வு மொழி: ஆங்கிலம்."

பேத்தியை அழைத்து, அன்று என்ன கேட்டார்கள் என்று விசாரித்தோம். "படத்தைக் காட்டி என்னவென்று கேட்டாங்க தாத்தா. உரல் என்றேன். இங்கிலீசில் சொல் என்றாங்க. தெரியலை" என்றாள். உரலை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாதது அறிவுக் குறைவு என்று தாளில் ஏறிவிட்டது. அந்த ஆங்கிலச் சொல் நமக்கே அன்று அகராதியில்தான் கிடைத்தது.

நிரப்பப்படாத கட்டங்களும் இருந்தன: செவித்திறன் ஆய்வு, பார்வை ஆய்வு. இரண்டிலும் ஒன்றும் எழுதப்படவில்லை. காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பாராமலே மூளையை அளந்துவிட்டனர்.

அளவுகோலின் மீது நமக்குப் பகையில்லை. அதனை ஆக்கிய ஆல்பிரட் பினேயும் தீயவரல்லர். பிரெஞ்சு அரசு கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தபின், வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளை எப்படிக் கண்டறிவது என்று ஆராய 1904இல் குழு ஒன்றை அமைத்தது. பினேயும் சிமோனும் 1905இல் முதல் அளவுகோலை வெளியிட்டனர். தனி உதவி தேவைப்படும் பிள்ளை எது என்று கண்டு, அந்த உதவியைத் தருவதே நோக்கம். அறிவு என்பது கூட்ட முடியாத நிலையான சரக்கு என்ற கருத்தை அவரே கடுமையாக எதிர்த்தார். அவர் 1911இல் மறைந்தார். அடுத்த ஆண்டே செருமானியராகிய ஸ்டெர்ன் ஈவு என்ற ஒற்றை எண்ணைக் கொண்டுவந்தார். 1916இல் அமெரிக்காவின் டெர்மன் அதற்குப் புது மெருகேற்றினார். உதவுவதற்கென்று பிறந்த கருவி, ஒதுக்குவதற்கு உகந்த கருவியாயிற்று. அறிவு குறைந்தோர் என்று முத்திரை குத்தி, பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் அறுவையைக் கட்டாயமாகச் செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 1927இல் தீர்ப்பளித்தது. பிறப்பால் தாழ்ந்தவன் என்று நெற்றியில் எழுதும் வேலை நம் நாட்டுக்கு மட்டுமே உரியதன்று போலும்! அங்கு அதற்கு எண்ணைத் துணைக்கழைத்தனர், அவ்வளவே வேறுபாடு.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் இருப்பார் என்பது அதுவரை நமக்குத் தெரியாது. சென்றோம். தாளைப் பார்த்த அந்த அம்மையார், "ஐயா, இந்த அறிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். காது, கண் பார்த்துவிட்டு, தமிழில் மறுபடி செய்யச் சொல்லுங்கள்" என்றார். மாவட்ட அரசு மருத்துவமனைக்கு ஐந்து முறை அலைந்தோம். (அந்த அலைச்சலைத் தனியே எழுத வேண்டும், நாள்கூலிக்காரர் ஐந்து நாள் கூலியை இழந்து எங்ஙனம் அலைவார்?) காதில் குறையில்லை, கண்ணில் குறையில்லை. தமிழில் கேட்டபோது வாய்மொழியில் 90, செயலில் 92. முன்பே ஒருமுறை செய்த பழக்கத்தால் சிறிது கூடியிருக்கலாம் என்றும் உளவியலார் சொன்னார். அந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது.

இதோடு துன்பம் தொலைந்தது என்று வாசகர் எண்ணவேண்டா. நாமும் ஒரு பகல் அப்படித்தான் எண்ணி மகிழ்ந்திருந்தோம். தமிழில் படிக்கச் சொன்னபோதும் அவள் தடுமாறினாள். குறில் நெடில் மாறின, ஒற்று விழுந்தது, இரண்டாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். அறிவுக் குறைவு இல்லை. படிப்பதில் மட்டும் தடையுண்டு. டிஸ்லெக்சியா என்கிறார்களே, அது. 'சோம்பேறி' என்று அவளை எத்தனை முறை கடிந்திருக்கிறோம்! அந்த எண்ணிக்கையை எந்தத் தாளிலும் எவரும் எழுதவில்லை, நமக்குத் தெரியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. இது 21 வகைகளை ஏற்றது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. அதனை இளமையிலேயே கண்டறிந்து, கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்ளும் கடமையைப் பள்ளியின் மீதே அச்சட்டம் சுமத்துகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றையும் சொல்கிறது. தொடக்கக் கல்வி முடியுமுன் எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. 2019இல் திருத்தம் வந்தபோதும் அந்த வரி நீக்கப்படவில்லை. வெளியேற்றக் கூடாது என்பதால்தானே நம் "விருப்பம்" அவர்களுக்குத் தேவைப்பட்டது!

மருத்துவச் சான்றோடு பள்ளிக்குச் சென்றோம். ஐந்தாவது தாளை ஒப்பமின்றித் திருப்பி வைத்தோம். தலைமையாசிரியை முகம் மாறினாலும் மரியாதையாகவே பேசினார். "அப்படியானால் சலுகை தருகிறோம். ஒரு மொழியை விட்டுவிடலாம். தமிழை விட்டுவிடட்டும்; அவளுக்குப் பாரம் குறையும்" என்றார்.

தமிழ் பாரமாம்! உரல் என்று சொன்னதற்குச் சுழி வாங்கிய குழந்தைக்கு, உரல் என்ற சொல்லையே விலக்கித் தருவது சலுகையாம்! நாம் எழுவதற்குள் மகளே பேசிவிட்டாள். "அம்மா, அவள் நினைப்பதும் கனவு காண்பதும் தமிழில்தான். ஒரு மொழிதான் அவளால் தூக்க முடியும் என்றால், தமிழைத் தூக்கட்டும். மற்றதை எப்போது சேர்ப்பது என்று பிறகு பார்ப்போம்." மூன்று மாதங்களுக்கு முன், நூற்றுக்கு நாலா என்று அழுத மகள்தான் இவள்.

அதன் பிறகு ஒரு திட்டத் தாள் எழுதப்பட்டது. முதல் வரைவில், "வாசிப்பில் தக்க முன்னேற்றம் காண்பாள்" என்றிருந்தது. எவ்வளவு, எப்போது, யார் பொறுப்பு என்று கேட்டு அடித்துத் திருத்தச் சொன்னோம். வாரம் நான்கு நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம், எந்த ஆசிரியர், எத்தனை சொற்கள், எந்த மாதத்திற்குள், எழுத்துத் தேர்வுக்கு மாற்றாக எந்தப் பாடங்களில் வாய்மொழியாகக் கேட்பது என்றெல்லாம் இப்போது அதில் இருக்கிறது. தமிழிலும் ஒரு படி தந்தனர், மூன்று முறை கேட்டபின்.

அடுத்த தெருவில் விசைத்தறி ஓட்டுபவர் ஒருவர், தம் மகனுக்கு வந்த இதே போன்ற தாளை நம்மிடம் கொண்டுவந்தார். அவர் ஒப்பமிட்டு எட்டு மாதமாகிவிட்டது. பையன் வீட்டில் இருக்கிறான். முதல் பக்கத்தைப் பார்த்தோம். ஆய்வு மொழி: ஆங்கிலம். செவித்திறன் கட்டம்: வெறுமை. திங்கட்கிழமை அவரோடு வட்டார வள மையத்துக்குச் செல்கிறோம்.

பேத்தி, தன்னைப் பற்றி அந்தத் தாள்களில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மறைப்பதா, சொல்வதா என்று வீட்டில் வாதம் நடந்தது. இறுதியில் தமிழ்ப் படியை அவளிடமே கொடுத்தோம். முதல் வரியில் அவள் பெயர். அடுத்து அகவை, வகுப்பு. விரலை வைத்து, எழுத்தெழுத்தாக நகர்ந்து, மூன்றாம் வரிக்கு வந்தபோது விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. "மீதி நாளைக்கு" என்று மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.