டார்ச் பிடிக்கிறவன் பேச்சு

ரெண்டு வாரமா ஆளைக் காணோமேன்னு கேட்ட நண்பர்களுக்கு: கராஜில் என் 1966 ஃபோர்டு எஃப்-100 பிக்கப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தேன். தங்கமணி 'உங்க சின்ன வீடு'ன்னு சொல்லுவாங்களே, அதே வண்டிதான் :-)

இங்கே டெக்சாஸில் அதை வாங்கி நாலு வருஷம் ஆச்சு. கொஞ்ச நாளா 45 மைல் வேகத்தைத் தாண்டினா பின்னாலிருந்து ஒரே ஊளை. நம்மூர் லாரிப் பட்டறையில் காட்டியிருந்தா "கிரவுன் போச்சு சார்"னு முடிச்சிருப்பாங்க. அதேதான், டிஃபரன்ஷியல்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கம் கம்மியா. ரெண்டையும் ஒரே தண்டில் இறுக்கிட்டா டயர் தேய்ஞ்சுடும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிற பல்சக்கரக் கூட்டம்தான் இது. என் வண்டியில் இருப்பது ஃபோர்டின் 9 அங்குல வகை, 1957ல் வந்தது. மொத்தக் கூட்டையும் முன்பக்கமா அப்படியே உருவிடலாம். பல் இடைவெளி அளந்து ஷிம் வைக்கிற நுணுக்கமெல்லாம் எனக்கு வராது. அதனால பழைய வண்டி உடைக்கிற இடத்தில் முழுசா ஒண்ணு வாங்கிட்டேன். பழசு 3.70 (37க்கு 10 பல்). புதுசு 3.25 (39க்கு 12). ஊளையும் போகும், நெடுஞ்சாலையில் எஞ்சினும் கத்தாது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!

உதவிக்குப் பையன், வயசு 14. வேலை, டார்ச் பிடிக்கிறது.

முன்சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம், பிரேக் டிரம் கழட்டி, ரெண்டு ஆக்சிலையும் உருவினேன். அப்ப பையன் கேட்டான்: "அப்பா, இந்த நுனியில் பல்லு பல்லா இருக்கே, புதுசுல இருக்கிறதோட சரியா வருமா?"

"எல்லாம் ஒண்ணுதாண்டா. நீ பேசாம டார்ச்சைப் பிடி."

டிரைவ் ஷாஃப்ட்டைப் பிரிச்சு, பத்து நட்டு கழட்டி, பழசை இறக்கினேன். கிட்டத்தட்ட 35 கிலோ. நாத்தம் பிடிச்ச கியர் ஆயில் பாதி தட்டில், பாதி என் சட்டையில். புதுசை ஏத்தி, ஆக்சிலைச் சொருகினா வெண்ணெய் மாதிரி உள்ளே போச்சு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். சுத்திப் பார்த்தா அது பாட்டுக்கு லொடலொடன்னு சுத்துது. எதுவுமே பிடிக்கலை.

"ஆக்சில்ல 28 இருக்குப்பா" என்றான் பையன், மெதுவா. "எண்ணிட்டேன்."

புதுசுக்குள்ள விரலை விட்டு எண்ணினேன். 31.

"ஏண்டா முதல்லயே சொல்லலை?"

"நீதானே பேசாதேன்னு சொன்னே."

கோபப்பட வாயைத் திறந்தேன், வார்த்தை வரலை. ஊர்ல எங்கப்பா மொபட்டைப் பிரிக்கும்போது டார்ச் பிடிச்சவன் நான். "எங்கேடா பாக்கறே, இங்கே காட்டுடா"ன்னு குட்டு விழும். அந்த வண்டியில் ஒரு நட்டு பேர் கூட நான் கத்துக்கலை. அப்பா எதிர்ல வாயைத் திறக்காம இருக்கத்தான் கத்துக்கிட்டேன். என் பையனுக்கும் அதையே சொல்லிக் கொடுத்துட்டிருக்கேன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

"தப்பு என்னுதுடா, ஸாரி" என்றேன். அவன் நம்ப முடியாம பார்த்தான்.

அடுத்த சனிக்கிழமை திரும்பப் போய் 28 பல் உள்ளதா மாத்தினோம். கடையில் எண்ணினது அவன்தான். நான் ரெண்டாம் தடவை எண்ணினேன், அவ்வளவுதான். வேலை முடிஞ்சு 60 மைலில் ஓட்டினப்போ ஊளை இல்லை. கதவு ஆடற சத்தம் மட்டும்தான்.

அடுத்து பிரேக் வேலை இருக்கு. இந்தத் தடவை அவன் படுக்கப் போறான். டார்ச் நான்தான்.

டிஸ்கி: இதே வேலை செய்யறவங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஆக்சில் பல்லை எண்ணுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம். டார்ச் பிடிக்கிறவங்க ஏதாவது சொன்னா, காது கொடுத்துக் கேளுங்க!