அக்காள் பற்றவைத்த பெட்டி



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு உணவு மேசை பத்து நாள் பட்டறையாக மாறியிருந்தது. நான்காம் படிவத்தில் பயிலும் என் மகன் கித்தார் வாசிப்பவன். கித்தாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி ஒன்று வேண்டும் என்றான். காலால் மிதித்து இயக்குவதால் அதனை 'டிஸ்டோர்ஷன் பெடல்' என்பர். கடையில் விலையைக் கேட்டுவிட்டு, "நாமே செய்வோம்" என்றேன். ஆசிரியர் வாய் அல்லவா, சொல்லிவிட்டது!

இந்தக் கரகரப்பு, பிழையில் பிறந்த ஒலி. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாடலைப் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவு மேடையில் ஒரு பகுதி பழுதாகி, கித்தார் ஒலி சிதைந்துபோனது. அதை நீக்காமல் அப்படியே விட்டனர். 1961இல் பாடல் வெற்றி பெற்றது. அந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் பெட்டி 1962இல் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதனைப் பயன்படுத்திய பின் உலகமே அதைக் கேட்டது.

அமைப்பு எளியதுதான். ஒன்பது வோல்ட் மின்கலம், 741 எனப்படும் எட்டுக்கால் சில்லு, சில மின்தடைகள், மின்தேக்கிகள், எதிரெதிர்த் திசையில் இணைத்த இரண்டு டையோடுகள். சில்லு கித்தாரின் மெல்லிய மின்னலையைப் பெரிதாக்குகிறது. டையோடுகள் அந்த அலையின் உச்சியைக் கத்தரித்து விடுகின்றன. மொட்டையான அலையிலிருந்து புதிய மேல்சுரங்கள் எழுகின்றன, அதுவே கரகரப்பு. சிலிக்கான் டையோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் கத்தரிக்கும். பழைய ஜெர்மானியம் வகையோ 0.3 வோல்ட்டிலேயே தொடங்கிவிடும். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் வாங்கிய இரண்டு பழைய வானொலிப் பெட்டிகளிலிருந்து ஆளுக்கொரு ஜெர்மானியம் டையோடைக் கழற்றினோம்.

எல்லாம் இணைத்தாயிற்று. மிதித்தால் 'ஙொய்' என்ற இரைச்சல் மட்டுமே வந்தது. மூன்று நாள் போராடினோம். மகன் முகம் வாடிவிட்டது.

அன்று மாலை அக்காள் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒட்டவில்லை தம்பி. சும்மா உட்கார்ந்திருக்கிறது."

பற்றுக்கோலைக் கையில் வாங்கினார். "ஈயத்தைச் சுடாதே. ஒட்ட வேண்டிய இடத்தைச் சூடாக்கு. ஈயம் தானாக ஓடி வரும்."

ஓடி வந்தது. மங்கலாக உருண்டு நின்ற ஈயம் பளபளவென்று கம்பியின் காலைச் சுற்றிப் படிந்தது. அவர் விரலில் சிறு நடுக்கமும் இல்லை.

"அத்தை, இதெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என்றான் மகன்.

பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் உருவானது. இண்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் அமைத்ததும் அவ்வாண்டுதான். அடுத்தடுத்து ஆலைகள் எழ, ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலைக்குச் சென்றனர். 1979இல், பதினெட்டு வயதில், அக்காளும் ஓர் ஆலைப் பேருந்தில் ஏறினார். முதலில் நுண்ணோக்கியில் கண் பதித்து, முடியினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலை. கண் வலி கூடிய பின் பற்றவைக்கும் பிரிவு. நான் ஆசிரியர் பயிற்சி முடிக்கும் வரை வீட்டுச் செலவை அந்தச் சம்பளமே தாங்கியது.

மகன் என் பள்ளியில் படித்தவன். கள்ளமின்றிக் கேட்டான்: "அப்பா, படிக்காவிட்டால் பேக்டரிக்குத்தான் போவாய் என்று வகுப்பில் சொல்வீர்களே, அந்தப் பேக்டரியா?"

எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அக்காள் தலை தூக்காமலேயே பதில் சொன்னார்: "நானுந்தான் உன் அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவன் படிக்கட்டும் என்றுதானே நான் போனேன்."

அடுத்த இணைப்புக்கு நகர்ந்தார்.

இரவு எட்டு மணிக்குப் பெட்டி தயாரானது. "நீங்களே முதலில் மிதியுங்கள், அத்தை" என்றான் மகன். அக்காள் மறுத்துவிட்டார். "கையால் செய்ததைக் காலால் மிதிப்பதா?" என்று குனிந்து, உள்ளங்கையால் அழுத்தினார். மகன் தந்தியை மீட்டினான். வீடே அதிர்ந்தது. "அம்மாடி! இவ்வளவு சத்தமா?" என்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எத்தனையோ ஆண்டுகள் பலகைகளைப் பற்றவைத்தவர். அவற்றில் ஒன்று வேலை செய்வதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாராம்.

பள்ளி திறந்துவிட்டது. என் மாணவர்களில் பலருடைய தாய்மார் இன்றும் அதே பேருந்துகளில் அதிகாலையில் ஏறுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் முன்னிலையில்தான் இத்தனை ஆண்டுகள் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன். சக ஆசிரியர்களும் பெற்றோரும் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.