பச்சை ஒயர்

சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், ஸ்பீக்கர் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பெட்டியின் பின்பக்கம் 230 வோல்ட் நுழைகிற இடத்தைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு கல்லூரி மாணவன். ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, இரும்புப் பெட்டியில் அழகாக ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்திருந்தான். பாட்டு அருமை.

"முதல்ல உர்ருன்னு ஒரே இரைச்சல் அங்கிள். எர்த் ஒயரைக் கழட்டினேன், நின்னுடுச்சு" என்றான் பெருமையாக.

"இரைச்சலோட உன் காவல்காரனும் போயாச்சு தம்பி" என்றேன்.

உள்ளே ஃபேஸ் ஒயர் கழன்று பெட்டியில் பட்டால், எர்த் வழியாகப் பெரிய கரண்ட் பாய்ந்து ஃப்யூஸ் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி முழுவதும் 230 வோல்ட். தொடுகிறவர் உடம்பில் 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே ஆபத்து. 2 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது.

பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் சார்ஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு, இருவரும் உட்கார்ந்தோம். பச்சை ஒயர் இன்லெட்டிலிருந்து நேராகப் பெட்டிக்கு. அதற்கென்றே தனி போல்ட். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வளைய லக், பல் வாஷர், நட் போட்டு இறுக்கினோம். மற்ற இரண்டைவிட இந்த ஒயர் சற்று நீளம். இழுபட்டாலும் கடைசியாகத்தான் அறும். ஃபேஸ் முதலில் ஃப்யூஸுக்கு, பிறகு ஸ்விட்சுக்கு. எல்லா இணைப்பின் மேலும் ஸ்லீவ். கடைசியில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டிக்கும் மல்டிமீட்டர் வைத்தோம்: 1 ஓமுக்கும் கீழே.

இரைச்சல்? அது எர்த்தின் குற்றமில்லை. ஆம்ப்ளிஃபயரோடு இணைத்த கம்ப்யூட்டருக்கும் தனி எர்த் இருந்ததால் வந்த சுற்று. ஆடியோ கிரவுண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டரும், அதற்கு இணையாக ஒரு கனமான பிரிட்ஜ் ரெக்டிஃபயரும் போட்டோம். பெட்டியின் எர்த் அப்படியே இருந்தது, இரைச்சல் அடங்கியது.

நம் ஊர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் உள்ளே போய்க் கடைசியில் வெளியே வருவதற்காகத்தான். பழைய வீடுகள் சிலவற்றில் அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.