வீதியிலும் சமபந்தி வேண்டும்

சமபந்தி என்றால் என்னவென்று நமது ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வந்தவர் எவராயினும் ஒருவருக்கு ஓர் இலை. பணம் படைத்தவருக்கு முப்பது இலையை விரித்துப் போட்டு, மற்றவர்களெல்லாம் மூலையில் ஒதுங்கி நில்லுங்கள் என்று ஒருவன் சொல்வானாகில், அவனைப் பந்தியைவிட்டே எழுப்பி விடுவோம். ஆயினும் சோற்றில் ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தை வீதியில் ஒப்புக்கொள்ள நமக்கு இன்னும் மனம் வரவில்லை. நூறு பேரைச் சுமந்த பஸ் ஒன்று, ஒரே மனிதர் அமர்ந்திருக்கும் கார்களின் வரிசைக்குப் பின்னே, அவை நகர்ந்தால் நகர்ந்தும் நின்றால் நின்றும் ஊர்ந்து வருகிறது. இதைக் கண்டு எவரும் அநியாயம் என்று கூவுவதில்லை. போக்குவரத்து நெரிசல் என்று அதற்கொரு பெயரிட்டு, மழையையும் வெயிலையும் போல இயற்கையின் செயலாக எண்ணிப் பொறுத்துக் கொள்கிறோம்.

வீதியைப் பற்றிய வழக்கு நமக்குப் புதியதன்று. 1924ஆம் ஆண்டு வைக்கத்தில் நடந்த போராட்டம், கோயிலைச் சுற்றியிருந்த பொதுவீதிகளில் எல்லா மனிதரும் நடக்கலாமா என்பதைப் பற்றியதேயாம். 1955ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்காமரி நகரத்துக் கறுப்பின மக்கள், பஸ்ஸில் சமமாக உட்காரும் உரிமையைக் கேட்டு, 381 நாட்கள் பஸ் ஏறாமலே காலம் தள்ளினார்கள். ஒன்று நடக்கும் உரிமை. மற்றொன்று உட்காரும் உரிமை. வீதியின் அகலத்தில் தலைக்கு இவ்வளவு என்னும் பங்குரிமை மூன்றாவது. முதலிரண்டுக்கும் எதிராகப் பலகையும் காவலும் இருந்தமையால் அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவதற்குப் பலகை இல்லை. ஆகையால் அது கண்ணில் படுவதில்லை.

நாம் சிங்கப்பூரின் வடபகுதியாகிய ஈசூனில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறோம். கார் வைத்துக்கொள்ளும் வசதியும் ஆசையும் நமக்கு இருந்ததில்லை. காய்கறி வாங்கவும், புத்தகம் வாங்கவும், நாலு பேரோடு தமிழில் பேசவும் தேக்காவுக்குப் போவது நமது வழக்கம். ரயில் விரைவில் கொண்டு சேர்க்குமென்றாலும், மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் முன்னிருக்கையில் அமர்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு போவதில் நமக்கு விருப்பம் அதிகம். அவ்விருக்கையிலிருந்து பார்க்கும்போதுதான் கீழே ஓடும் கார்கள் பலவற்றில் ஓட்டுகிறவரைத் தவிர வேறு எவரும் இல்லை என்பது விளங்கும். சாலையோரத்தில் மஞ்சட்கோடு இழுத்துப் பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய தடம் வரும் இடத்தில் நமது வண்டி சிட்டாய்ப் பறக்கும். தடம் முடியும் இடத்தில் ஆமையாகிவிடும். ஒரு கோடு செய்யும் வேலை அவ்வளவு!

இந்தக் கோடு எப்படி வந்ததென்பதை அறிய, ஊரின் பழங்கதையைச் சிறிது பார்க்கவேண்டும். இவ்வூரில் 1886ல் நீராவி டிராமும், 1905ல் மின்சார டிராமும் ஓடத் தொடங்கின. மின்சார டிராமுக்கு உயிர் கொடுத்த மின்நிலையம் நமது தேக்காவை ஒட்டிய மெக்கன்சி ரோட்டில்தான் இருந்தது. 1926ல் டிராலி பஸ் வந்தது. மறு ஆண்டே டிராம் மறைந்தது. இவற்றுக்கிடையே, சீனத் தோழர்கள் ஓட்டிய கொசு பஸ் என்னும் சிறு வண்டிகள் சந்து பொந்தெல்லாம் நுழைந்து ஜனங்களை ஏற்றிச் சென்றன. பல கம்பெனிகள் ஒன்றாகி 1973ல் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் உண்டாயிற்று. 1974ல் நகரின் நடுவே பஸ்ஸுக்கென்று முதன்முதலாகத் தடம் ஒதுக்கினார்கள். 1975ல், காலை நேரத்தில் நகர நடுவிடத்துக்குள் நுழையும் கார்கள் பணம் கட்ட வேண்டுமென்று விதித்தார்கள். வீதி என்பது பொதுச் சொத்து, அதை அதிகமாய் விழுங்குகிறவர் அதிகமாய்க் கொடுக்கவேண்டும் என்னும் கொள்கையை அக்காலத்தில் உலகில் வேறெந்த நகரமும் அவ்வளவு துணிவாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

பிறகு, 1980ல், ஒரு பெரும் வாதம் எழுந்தது. பல கோடி வெள்ளி செலவில் ரயில் போடுவதா, அல்லது பஸ்களைக் கொண்டே காரியத்தை முடிப்பதா என்பது கேள்வி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிபுணர் குழு பஸ்ஸே போதும் என்றது. தொலைக்காட்சியில் ஊரார் பார்க்க வாதாடினார்கள். முடிவில் ரயில் வென்றது. 1982ல் தீர்மானமாகி, 1987 நவம்பரில் முதல் ரயில் ஓடியது. 2003ல் லிட்டில் இந்தியா என்ற பெயரிலேயே நமது பேட்டைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. ரயிலின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன்பின், பஸ் என்பது ரயிலடிக்குக் கொண்டுபோய் விடும் கைவண்டி என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றி விட்டது.

இப்போது அந்த எண்ணம் சற்று மாறி வருகிறது. வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து செம்பவாங், ஈசூன், அங் மோ கியோ வழியாகத் தெற்கே கடற்கரை நெடுஞ்சாலை வரையில் 21.5 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு-தெற்குப் பெருவழி கட்டப்பட்டு வருகிறது. ஒரு பகுதி மேம்பாலம், மற்றொரு பகுதி சுரங்கம். 2008ல் இதை அறிவித்தபோது கார்களுக்கான விரைவுச்சாலை என்றே சொன்னார்கள். 2016ல் திட்டத்தைத் திருத்தி, பஸ்ஸுக்கெனத் தொடர்ந்து செல்லும் தடங்களும், மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் உரிய பாதைகளும் சேர்ந்த வழியாக்கினார்கள். சுரங்கப் பகுதி 2029ல் முடியுமென்று அறிவிப்பு. கல்லும் சிமெண்டும் இருக்கட்டும். காருக்கென்று வரைந்த படத்தில் பஸ்ஸுக்கும் இடம் விட்டார்களே, அந்த மனமாற்றமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதற்கு விலையும் கொடுக்கப்பட்டுள்ளது. தேக்காவுக்கு அருகே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிகள் 2018ல் இடிபட்டன. அங்கே நாற்பதாண்டு குடியிருந்தவர்கள் வேறிடம் போனார்கள். 1924ல் எழுந்த எலிசன் கட்டடத்தின் ஒரு பகுதியை இடித்துத் திரும்பக் கட்டப்போவதாக 2016ல் அறிவித்தபோது, பழமையில் பற்றுடையோர் வருந்திக் குரலெழுப்பினார்கள். வீடு இழந்தவரும் நினைவிடம் இழந்தவரும் கொடுத்த விலைக்கு ஈடாக, ஊரார் அனைவருக்கும் பயன் கிடைத்தாக வேண்டும். சிலருடைய கார் விரைந்து போவதற்காக அவர்கள் வீட்டைக் கொடுக்கவில்லை.

ஊரார் அனைவரும் என்றோமே, அதில் யார் யார் அடக்கம்? இந்தக் கேள்வியை நமக்குள் எழுப்பியது ஞாயிற்றுக்கிழமையாகும்.

ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளிலிருந்து வந்த தொழிலாளத் தோழர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும், ஊர்ச்சோறு உண்ணவும், ஒரே கிராமத்தார் ஒரு மரத்தடியில் கூடிப் பேசவும் வருகிறார்கள். பெருவழிக்குச் சுரங்கம் தோண்டுகிறவர்களும் இவர்களில் உண்டு. வாரநாட்களில் இவர்களிற் பலரை வேலைக்கு ஏற்றிச் செல்வது லாரியின் பின்தட்டு. இது தகுமா என்று 2021லும் 2023லும் பொதுமக்களும் பாராளுமன்றத்தாரும் பேசினார்கள். லாரிகள் இன்னும் ஓடுகின்றன. ஆறு நாள் சரக்கைப் போல் ஏற்றப்பட்டவர், ஏழாம் நாளில்தான் பிரயாணியாகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நம் பக்கத்தில் நின்ற வாலிபர் ஒருவர், இரண்டு பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு அடிக்கடி கைபேசியில் மணி பார்த்தார். எங்கே போகவேண்டும் என்று கேட்டோம். வடக்கே ஒரு விடுதியின் பெயரைச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஒண்ணுதாங்க ஐயா நம்ம நாளு. வர்றதுக்கும் போறதுக்கும், நிக்கிறதையும் சேத்தா, அதுல மூணு மணி நேரம் பஸ்ஸுக்கே போயிடுது" என்றார். அதில் முறையீடு ஒன்றும் இல்லை. கடைக்கணக்கு சொல்வது போலவே சொன்னார். வந்த பஸ்ஸோ கார்களுக்கிடையே ஊர்ந்து வந்தது.

அப்போது நமக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தீவின் சாலையோரங்களிலுள்ள சாதாரண பஸ் தடங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை, காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டும் செல்லும். சிவப்புக் கோடும் சேர்ந்த முழுநாள் தடங்கள் திங்கள் முதல் சனி வரை செல்லும். ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறை நாட்களிலும் எந்தக் கார் வேண்டுமானாலும் அத்தடத்தில் நுழையலாம். விதி செய்தவர்கள் அலுவலகத்துக்குப் போகிறவரை நினைத்துச் செய்தார்கள். அவர்களுக்கு ஞாயிறு வீட்டிலிருக்கும் நாள். ஆறு நாள் உழைத்தவர் பஸ் ஏறும் ஒரே நாள் அதுவென்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. தீபாவளிக்கும் இதே கதிதான். தேக்காவில் கூட்டம் நிரம்பி வழியும் நாட்களிலேயே பஸ்ஸின் உரிமை சுருங்கி விடுகிறது. பஸ் ஓட்டுநருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. பஸ் தடத்துக்கு மட்டும் விடுமுறை எதற்கு?

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவை நாம் மறந்துவிடக் கூடாது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரேஸ்கோர்ஸ் ரோட்டில், தொழிலாளரை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பஸ்ஸின் அடியில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் சிக்கி மாண்டார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. கல்லெறிந்ததும் தீ வைத்ததும் குற்றமே. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விடுதிக்குத் திரும்ப வழி தேடி ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் ஒரே சாலையோரத்தில் நெருக்கி நிற்க நேர்வது போக்குவரத்துக் கேள்வியுமாகும் என்பதை அவ்விரவு காட்டியது.

இனி, ஆட்சேபங்களுக்கு வருவோம். கார் வைத்திருப்பவர், "நாம் வாகன உரிமைச் சான்றிதழுக்குக் கொட்டிக் கொடுக்கிறோமே, எமக்கு வீதியில்லையா?" என்கிறார். 2023 அக்டோபரில் சிறிய கார் வகைக்கே அச்சான்றிதழ் ஓர் இலட்சம் வெள்ளியைத் தாண்டியது. அவர் கொடுப்பது பெருந்தொகைதான். ஆனால் அது காரை வைத்திருக்கும் உரிமைக்குக் கொடுத்த விலையேயன்றி, நூறு பேரை நிறுத்தி வைக்கும் உரிமைக்குக் கொடுத்ததன்று.

மற்றொருவர், "பஸ் தடம் சும்மா காலியாகக் கிடக்கிறதே!" என்கிறார். காலியாகத் தோன்றுவது அதன் வேகத்தினால். நிமிஷத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு எண்பது பேர் என்று கொண்டால், மணிக்கு 4,800 பேர் போகிறார்கள். விளக்குக் கம்பங்கள் உள்ள நகர வீதியில் ஒரு வரிசையில் மணிக்கு ஆயிரம் கார்கள் போவதே அரிது. காருக்கு இருவர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 2,000 பேரைத் தாண்டாது. நிறைந்து காணப்படும் வரிசை குறைவாகச் சுமக்கிறது. காலியாகக் காணப்படுவது இருமடங்குக்கு மேல் சுமக்கிறது. கண்ணை நம்பாமல் கணக்கை நம்பவேண்டிய இடம் இது.

இக்கணக்கை நம்பிய ஊர்கள் பலவுண்டு. பிரேசில் நாட்டுக் குரிடிபா நகரம் 1974லேயே பஸ்ஸுக்குத் தனி வழி அமைத்தது. கொலம்பியாவின் பொகோட்டா 2000லும், நம் அண்டையிலுள்ள ஜகார்த்தா 2004லும், அகமதாபாத் 2009லும் அதைப் பின்பற்றின. மலேசியாவின் பண்டார் சன்வேயில் 2015 முதல் 5.4 கிலோமீட்டர் மேம்பாலத்தில் பஸ் மட்டுமே ஓடுகிறது. கணக்கை நம்பாமல் போன ஊருக்கு டில்லி சாட்சி. அங்கே அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரையில் 2008ல் பஸ் வழி திறந்தார்கள். கார்க்காரர்கள் கூச்சலிட்டார்கள், வழக்கும் போட்டார்கள். 2012ல் உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. அப்படியிருந்தும் 2016ல் அரசாங்கமே அவ்வழியை அகற்றியது. நீதிமன்றத்தில் வென்ற பஸ், கூச்சலிடத் தெரிந்தவர்களிடம் தோற்றது. பஸ்ஸில் போகிறவன் களைத்துப் போய் நிற்கிறான். அவனுக்குக் கூச்சலிட நேரமில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. பெருவழி திறக்கும்போது அதன் பஸ் தடங்கள் ஞாயிறும் விடுமுறையும் உட்பட எல்லா நாட்களிலும் பஸ்ஸுக்கே உரியனவாயிருக்க வேண்டும். அதற்கு முன்னோடியாகத் தேக்காவைச் சுற்றியுள்ள சாலைகளில் இன்றே ஞாயிற்றுக்கிழமைத் தடம் விடலாம். உட்லண்ட்ஸ், கிராஞ்சி, மண்டாய் விடுதிகளுக்கு அருகே நின்று செல்லும் பஸ்கள் அவ்வழியில் ஓடவேண்டும். நெரிசலைக் காரணம் காட்டி அத்தடங்களைப் பின்னொரு நாள் கார்களுக்குத் திறந்துவிடலாகாது. இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. முதலாவதற்குச் சில பலகைகளும் ஒரு வாளி வர்ணமும் போதும்.

வாசகர்களில் கார் உள்ளவர்களும் இருப்பீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் உங்கள் பின்னே ஒரு மாடி பஸ் வருமாயின், விதி இல்லாவிட்டாலும் வழி விடுங்கள். அதனுள் மணி பார்த்தபடி நிற்கிறவருக்கு அந்த வாரத்தில் சொந்தமாயுள்ள நேரம் அது ஒன்றுதான்.