முப்பத்தைந்தில் ஒருத்தி

18 வீரர்கள், 16 ஏவலாட்கள், ஒரு பெண். 1603 ஜனவரியில் அயர்லாந்தின் லீட்ரிமில், ஓ'ரூர்க் குலத் தலைவரின் கோட்டை வாசலில் போய் நின்றவர்களின் கணக்கு இது. இரண்டு வாரம் முன்பு, 1602 டிசம்பர் 31 அன்று, நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள கிளென்காரிஃபிலிருந்து ஆங்கிலேயரிடம் கோட்டையை இழந்த குலத் தலைவர் டொனல் காம் ஓ'சல்லிவன் தலைமையில் புறப்பட்டபோது ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்களில் 400 பேர்தான் ஆயுதம் ஏந்தியவர்கள். மற்றவர்கள் பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள், குதிரை பார்ப்பவர்கள்.

அந்த ஒரு பெண்ணை விட்டு என் மனம் நகர மாட்டேன் என்கிறது.

இந்த நெடும்பயணத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே புத்தகத்திலிருந்து வருகிறது. டொனல் காமின் உறவினர் பிலிப் ஓ'சல்லிவன் லத்தீனில் எழுதி, 1621இல் லிஸ்பனில் அச்சான அயர்லாந்துக் கத்தோலிக்க வரலாறு அது. பிலிப் அந்தப் பயணத்தில் இல்லை. சிறுவனாக இருக்கும்போதே ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். ஆனால் அவருடைய தந்தை டெர்மட் அதில் நடந்தவர். எல்லாம் சொல்லி முடித்து, தப்பியவர்களை எண்ணும் இடத்தில் பிலிப் கொஞ்சம் நின்று வியக்கிறார். திடகாத்திரமான இளைஞர்களே தாங்க முடியாமல் விழுந்த துன்பத்தை, எழுபதை நெருங்கிய என் தந்தையும் அந்தப் பெண்ணும் எப்படித் தாங்கினார்கள் என்பதுதான் அந்த வியப்பின் சாரம். தந்தைக்குப் பெயர் இருக்கிறது, உறவு இருக்கிறது, வயது இருக்கிறது. பக்கத்தில் நிற்பவளுக்கு அவள் பெண் என்பது மட்டும்தான் இருக்கிறது.

பின்னாளில் இதைத் திரும்பச் சொன்னவர்கள் அவளை டெர்மட்டின் மனைவி என்றார்கள். அது உண்மையானால் அவள் பிலிப்பின் தாய். பெற்றவளையா ஒரு மகன் இப்படி எழுதுவான்? இந்தக் கேள்வியோடு நான் பல இரவுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். தாயில்லை என்றால் வேறு யார்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவளா, வழியில் எங்கே இறக்கிவைத்தாள்? தாய்தான் என்றால், ஸ்பெயினில் அடைக்கலம் புகுந்த அந்த வீட்டில் கிழவர் கதை சொல்லும்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இடையிடையே, அந்த ஆறு அல்ல, அதற்கு முந்திய ஆறு என்று அவள் திருத்தியிருக்க மாட்டாளா? சரித்திரம் கைவிட்ட இடத்தில்தான் நாவலாசிரியருக்கு வேலை தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புவது இந்த மாதிரி இடங்களால்தான்.

ஐரிஷ் குலங்கள் ஆங்கிலேயரை எதிர்த்த காலத்தை வைத்து எழுதிய கதைகள் பெரும்பாலும் தலைவர்களையே சுற்றுகின்றன. டப்ளின் கோட்டைச் சிறையிலிருந்து கடுங்குளிரில் தப்பி, பனிக்கடுப்பில் கால் பெருவிரல்களை இழந்த சிவப்பு ஹியூ ஓ'டானலைப் பற்றி ராபர்ட் ரெய்லி 1957இல் சிறுவர்களுக்காக எழுதினார். 1966இல் டிஸ்னி அதைப் படமாக்கியது. மார்கன் லெவெலின் 1992இல் எழுதிய 'அயர்லாந்தின் கடைசி இளவரசன்' இதே டொனல் காமின் பயணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. எனக்கு இந்த வகைக் கதைகள்மீது தீராத பிரியம். ஆனாலும் ஒருபுறம் குலங்கள், மறுபுறம் ஆங்கிலேயர் என்று களம் இரண்டாகப் பிரிந்துவிட்டால் எனக்குப் போதவில்லை. நடந்தது அதைவிடக் கொடியது.

1602 ஜூனில் டொனல் காமின் டன்பாய் கோட்டை விழுந்தபோது, ஜார்ஜ் கேரூவின் ஆங்கிலப் படைக்குத் துணை நின்றவர்களில் ஓ'சல்லிவன்களும் இருந்தார்கள், டொனல் காமின் சித்தப்பா ஓவனின் வழியினர். டொனல் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, குல வழக்கப்படி சித்தப்பா தலைவரானார். வளர்ந்த டொனல் என்ன செய்தார் தெரியுமா? ஆங்கிலேய அரசிடம் வழக்குக்குப் போனார். உங்கள் சட்டப்படி தந்தைக்குப் பின் மகனுக்குத்தானே உரிமை என்று வாதாடினார். 1593இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஆங்கிலச் சட்டத்தால் பெற்ற கோட்டையைத்தான் பத்தாண்டு முடிவதற்குள் ஆங்கிலப் பீரங்கி தரைமட்டமாக்கியது. இதை எழுதாமல் டொனல் காமை வெறும் வீரனாக எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பயணத்திலும் அப்படித்தான். பாலிவோர்னி பக்கத்தில் மறித்துத் தாக்கியவர்கள் மக்கார்த்திகள். ஷானன் ஆற்றங்கரையில் மூட்டை முடிச்சுகள்மீது பாய்ந்தவர் ஆங்கில அரசியின் அதிகாரியான ஒரு மக்ஈகன். இவர்களைத் துரோகிகள் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. தென் மாகாணமான மன்ஸ்டர் முழுவதும் பயிரை எரித்து, மாட்டை ஓட்டிச்சென்று ஆங்கிலப்படை உண்டாக்கிய பஞ்சக் காலம் அது. ஒரு நாள் உணவோடு கிளம்பிய ஆயிரம் பேர் உங்கள் ஊருக்குள் வந்தால், அவர்கள் எந்தக் கொடியின்கீழ் வந்தாலும் உங்கள் குதிருக்குள் மிஞ்சிய தானியம் போய்விடும். அரசிக்குப் பயந்து அடித்தவர்கள் உண்டு, பிள்ளைகளின் வயிற்றுக்காக அடித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

பிலிப்பின் நடை பொங்கிப் பூரிப்பது ஷானன் கரையில். படகெல்லாம் எதிரிகள் கையில். தோல்படகு கட்டலாம் என்று வழி சொன்னவர் கிழவர் டெர்மட்தான். குதிரைகளைக் கொன்று, கிளைகளை வளைத்துக் கட்டிய சட்டத்தின்மேல் பதினொரு தோல்களைப் போர்த்தார்கள். 26 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் என்று மகன் அளவுகூடச் சொல்கிறார். உடன் வந்த ஓ'மாலிகள் ஒரே தோலில் கட்டிய இன்னொரு படகு பத்துப் பேரோடு மூழ்கியது. தந்தை கட்டியது மிதந்தது. அந்த அளவுகளை எழுதும்போது பிலிப்பின் காதில் தந்தையின் குரல் ஒலித்திருக்க வேண்டும். தன் கையால் செய்த பொருளின் அடிக்கணக்கை மட்டும் எந்த வயதிலும் மனிதர்கள் மறப்பதில்லை. கொன்ற குதிரைகளின் கறியை ஆட்கள் தின்றார்கள். கரையேறியவர்கள் ஆக்ரிமில் தங்களைவிடப் பெரிய படையை எதிர்கொண்டு, அதன் தலைவன் மால்பியைக் கொன்று, பனியில் வடக்கே போனார்கள்.

இத்தனையிலும் தப்பிய டொனல் காம் செத்தது போர்க்களத்தில் அல்ல. 1618இல் மாட்ரிட்டில் பிலிப்புக்கும் ஜான் பாத் என்ற ஆங்கில-ஐரிஷ்காரருக்கும் தகராறு முற்றி வாள்சண்டையானது. அப்போது திருப்பலி முடிந்து வந்த டொனல் காமை பாத் குத்திக் கொன்றார். பிலிப் இதையும் தன் புத்தகத்தில் எழுதுகிறார். அங்கே 'நான்' இல்லை, பிலிப் என்றே தன்னைக் குறிப்பிடுகிறார். தன் சண்டை நடந்த இடத்தில் தலைவர் விழுந்து மூன்று ஆண்டு கழித்து, அந்தத் தலைவரின் வாழ்வை அச்சுக்குக் கொடுக்கிறார். டன்பாயையும் ஆக்ரிமையும் பின்னால் தள்ளிவிட்டு, அந்த மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு நாவல் வேண்டும் எனக்கு. பிலிப் ஒரு பக்கம் எழுதுவதையும், அடுத்த நாள் அதையே கிழிப்பதையும் அதில் நான் படிக்க வேண்டும்.