தகப்பனும் யந்திரமும்

சிறு வயதில் ரசித்த படத்தை மறுபடி பார்க்கக் கூடாது என்பார்கள். பழைய ருசி கெட்டுவிடுமாம். 1991-ல் வெளிவந்த 'டெர்மினேட்டர் 2' படத்தை இத்தனை வருஷங்களுக்குப் பிறகு மீண்டும் பார்த்தேன். ருசி கெடவில்லை; வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2029-ல் மனிதருக்கும் யந்திரங்களுக்கும் யுத்தம். மனிதர்களின் தலைவன் ஜான் கானர். அவன் சிறுவனாக இருக்கும்போதே தீர்த்துவிட எண்ணி, யந்திரங்கள் காலத்தைத் தாண்டி ஒரு கொலையாளியை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்புகின்றன. பிள்ளையைக் காக்க இன்னொரு யந்திரம் வருகிறது. 1984-ல் வந்த முதல் படத்தில் ஜானின் தாய் ஸாராவைக் கொல்லத் துரத்திய அதே உருவம். அதே அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். கொலைகாரனைக் காவல்காரனாக்கியதில்தான் டைரக்டர் ஜேம்ஸ் கேமரூனின் சாமர்த்தியம் இருக்கிறது.

பள்ளிக்கூடப் பையனாக நான் வாய் பிளந்து பார்த்தது, பாதரசம்போல் உருகி மறுபடி ஆளாக எழுந்து நிற்கும் அந்தப் போலீஸ்காரனைத்தான். படம் பெற்ற நான்கு ஆஸ்கார் பரிசுகளில் ஒன்று இந்த ஜாலத்துக்காகக் கிடைத்தது. இன்று அதைவிடப் பெரிய ஜாலங்களைப் பார்த்துக் கண் சலித்துவிட்டது. ஆனாலும் ராபர்ட் பாட்ரிக் ஓடிவரும்போது பயம் குறையவில்லை. முகத்தில் கோபம் கிடையாது. மூச்சு வாங்குவதும் தெரிவதில்லை.

இந்த முறை என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சிறிய காட்சி. பாலைவனத்தில் ஒரு பகல். துப்பாக்கிகள் ஓய்ந்திருக்கின்றன. கையோடு கை தட்டி விளையாட, பையன் யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறான். தூரத்திலிருந்து ஸாரா பார்க்கிறாள். இது என் பிள்ளையை விட்டுப் போகாது, குடித்துவிட்டு அடிக்காது, நேரமில்லை என்று தட்டிக் கழிக்காது. தகப்பன் ஸ்தானத்துக்கு வந்தவர்களில் இது ஒன்றுதான் தேறும் என்று நினைத்துக் கொள்கிறாள். லிண்டா ஹாமில்டன் இதைக் கண்ணீரில்லாமல், வீட்டுக் கணக்குப் பார்ப்பதுபோல் சொல்கிறார்.

எனக்கும் இப்போது பிள்ளைகள் உண்டு. சுருக்கென்றது. ஆனால் யந்திரத்தின் பொறுமைக்கு என்ன விலை? அதற்குக் கடன் இல்லை, தூக்கமில்லை, ஆபீஸில் வாங்கிய வசவு இல்லை. களைத்து வந்த மனிதன் அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடினால், தன்னிடம் மிச்சமிருந்ததில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கிறான்.

கேமரூனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நாசகார யந்திரங்களுக்கு வித்திடப் போகும் டைசனைக் கொல்ல, ஸாராவே துப்பாக்கியோடு போகிறாள். அடிபட்டுக் கிடக்கும் தகப்பனை மறைத்துக் கொண்டு அவன் சிறு மகன் நிற்கிறான். ஸாராவால் சுட முடியவில்லை. 'கொல்லாதே' என்று யந்திரத்துக்கு ஜான் உத்தரவு போட வேண்டியிருந்தது. இவளுக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

உலகம் அழியும் என்று படம் குறித்த 1997 ஆகஸ்டு 29 சத்தமில்லாமல் கடந்துவிட்டது. ஆனால் குழந்தைகளின் கேள்விகளுக்கு அலுக்காமல் பதில் சொல்லும் யந்திரங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஸாரா போட்ட கணக்கை இனி ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் போட்டுப் பார்ப்பார்கள். அதில் நம் பக்கத்துக்கு எழுத ஏதாவது இருக்க வேண்டும்.